மச்சானுக்குப் போடாத வேட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்புத் தாள் பெட்டி கிடக்கிறது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒன்றுமில்லை. நாகசாகியில் அக்கா கையில் இருந்த பெட்டி. சிவகாசிக்காரன் ஒருவன் வெளிநாட்டு வெடியின் காலி டப்பாவைப் பத்திரப்படுத்துகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அக்காவின் புருஷன், என் மச்சான், பட்டாசுக் கம்பெனி விபத்தில் போனவர். எங்கள் பக்கம் யார் செத்தாலும் வேட்டுப் போடாமல் பாடையைத் தூக்குவதில்லை. அன்றைக்கு மட்டும் யாருக்கும் பற்ற வைக்கக் கை வரவில்லை. வெடியில் போனவருக்கு வெடியா என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சத்தமில்லாமல் எடுத்தோம். அக்கா அழவில்லை. "அநாதப் பொணம் மாதிரில்ல எடுத்தீக" என்றாள், அவ்வளவுதான். அவளும் அதே கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தவள். அதோடு வேலையை விட்டாள். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒரு மத்தாப்புக்கூடக் கிடையாது என்றாயிற்று.

நாகசாகியில் கப்பல் கட்டும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, மனைவி, மகளோடு அக்காவையும் அழைத்துப் போனேன். பிள்ளை இல்லாதவளைத் தனியே விட மனமில்லை. இடம் மாறினால் தெளிவாள் என்று ஒரு நினைப்பு. அவள் அங்கேயும் சோறு வடித்தாள், துணி மடித்தாள், ஜன்னலில் மழையைப் பார்த்தாள்.

ஆகஸ்டில் அங்கே செத்தவர்கள் வீடு தேடி வருவதாக நம்பும் நாட்கள். வாடகை வீட்டுக்காரம்மா எங்களை மலைச்சரிவிலிருந்த அவர்கள் குடும்பக் கல்லறைக்கு அழைத்துப் போனார். காகித விளக்குகள் தொங்கவிட்டு, பாய் விரித்து, பலகாரம் தந்தார். கோயில் கொடைக்கு வந்தது போலிருந்தது. திடீரென்று பக்கத்துக் கல்லறையில் சரவெடி. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாக வெடித்துக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சல் வந்தது. அக்கா மட்டும் அசையவில்லை.

"என்னலே இது, பொணம் எதுவும் வரலையே?"

வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுச் சொன்னேன். "செத்தவுகளுக்குத்தானாம்க்கா. எப்பமோ செத்தவுகளுக்கும் வருசா வருசம் போடுவாகளாம்."

அக்கா பக்கத்துக் கல்லறைப் புகையைப் பார்த்தாள். பிறகு, "பிந்திப் போட்டாலும் போய்ச் சேருமான்னு கேளு" என்றாள்.

கேட்டேன். அந்த அம்மாள் பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்து, எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தி ஒன்றோடு அக்காவிடம் நீட்டினார்.

அக்கா சரத்தைப் பிரித்துத் தரையில் விட்டாள். திரியை நீவிப் பார்த்துப் பற்ற வைத்தாள். கடைசி வெடிவரை நின்றாள். மச்சான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் "போயிட்டு வாங்க" என்பவள், "சரி, போங்க" என்றாள். எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. காலிப் பெட்டியை அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்து ஊர் திரும்பிவிட்டோம். போன மாதம் அக்கா இங்கே சிவகாசியில் காய்ச்சலில் போய்விட்டாள். பாடை கட்டியாயிற்று. மச்சானின் அண்ணன் அருகில் வந்து, "அவனுக்கே போடல, இவளுக்கு எப்பிடிப் போடுறது தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அவுகளுக்குப் போட்டாச்சு" என்றேன்.

தெருமுனைக் கடையில் சரம் வாங்கிவந்து நானே பற்ற வைத்தேன். காது அடைத்துப்போனது. மனசுக்குள்ளேயும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் துணிகளுக்கு அடியில்தான் இந்தப் பெட்டி கிடைத்தது. இன்று இழுப்பறையைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வெடிமருந்து வாசம்கூட இல்லை. மூடி வைத்தேன்.