தொண்டிக் கரையில் சாய்ந்து கிடக்கும் தோணிகள்

போன பங்குனியில் மாமாவோடு தொண்டிக்குப் போனேன். ஓட்டம் நின்றுபோன பாய்மரத் தோணிகளை அங்கே கரையேற்றிப் போட்டிருக்கிறார்கள். மாட்டுக்கொட்டகைக்கு மலிவாகப் பலகை கிடைக்கும் என்று மாமா கிளம்பினார். எனக்கு வேறு வேலை இருந்தது.

அப்பா கொழும்புக்குப் போகும் தோணியில் சமையல் வேலைக்குப் போய் மூன்று வருடமாகிறது. தகவல் இல்லை. என் பள்ளிக்கூடமும் அப்போதே நின்றது. எந்தத் தோணி என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அம்மா மண் பிசைந்து, விளிம்பில் புளியங்கொட்டை பதித்துச் செய்துகொடுத்த அடுப்பை அப்பா கொண்டுபோனார். அதை வைத்துத்தான் தேட வேண்டும். அடுப்பு அங்கே இல்லையென்றால் அவர் இன்னும் கடலில் இருக்கிறார் என்று நம்பலாம்.

எங்கள் ஊர் காரைக்குடியில் காலை ஆறு மணிக்குப் பஸ். தேவகோட்டையில் மாற வேண்டும். கண்டக்டரிடம் மாமா பெருமையாக, “கப்பல் பாக்கப் போறோம்” என்றார்.

“அது எங்குட்டும் ஓடிப்போகாதுய்யா. மெதுவா உள்ள தள்ளி நில்லுங்க.”

பஸ் நிற்கும் இடத்திலிருந்து கரையோரமாக ஒரு மைல் நடை. மணலில் செருப்பு உதவாது. தோணிகள் கறுத்து, வயிறு பிளந்து, ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. பழைய மீனெண்ணெய் வாடை. மாமா தரகரோடு பேரம் பேசப் போனார். நான் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். நான்காவதில், கூரை மிச்சமிருந்த மூலையில், பலகையில் தீப்பற்றாமலிருக்க வைத்த மணல்பெட்டிக்குள் அடுப்பு இருந்தது. விளிம்பில் புளியங்கொட்டைகள்.

கீழே ஓர் அம்மாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். வேற்று மனிதரிடம் எனக்குப் பேச்சு வராது. அன்று கேட்டேன். “இந்தத் தோணி ஆளுக எங்க?”

“போன வருசமே எறங்கி அவுகவுக ஊருக்குப் போயிட்டாகளே, ஆத்தா.”

“சமையக்காரரு?”

“அவுகளுந்தான். காரைக்குடிப் பக்கம்னாக. எங்கிட்ட ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் பஸ்ஸுக்குப் போனாக. நல்ல மனுசன்.”

மாமாவுக்கு விலை படியவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். வீட்டில் அந்த அம்மாள் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா, “தண்ணி குடிச்சாகளாமா?” என்று மட்டும் கேட்டாள்.

போக நினைப்பவர்கள் வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள். அங்கே நிழல் இல்லை; குடிதண்ணீர் கேட்டால் கொடுக்கிறார்கள். மாலை நான்கு மணிக்குத் திரும்புகிற பஸ் உண்டு. தேவகோட்டையில் உடனே மாறிவிட்டால் விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேரலாம்.