காலண்டரில் அம்மா

அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றப் போனபோது மகள் போனைத் தூக்கினாள். "அப்படியே நில்லும்மா. வீட்ல தண்ணி மிச்சம் பண்றதை ஸ்கூல்ல போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

ஈர மண்ணும் கழுநீரும் கலந்த வாசனை என்னை எண்ணூருக்கு இழுத்துப் போனது.

எங்கள் தெருவில் குழாய் கிடையாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். மீன் விற்கும் அம்மா, அரிசி கழுவிய தண்ணீரிலேயே குழம்புக்கான மீனை அலசுவாள். பிறகு அதைப் பெயிண்ட் டப்பாவில் வளர்ந்த கத்தரிச் செடிக்கு ஊற்றுவாள். பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒருவர் அதைப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

"போட்டோ புடிச்சா எங்க தெருவுக்குக் கொழா வருமா சார்?"

"கண்டிப்பா வரும்மா."

அம்மா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

குழாய் வரவில்லை. ஜனவரியில் காலண்டர்தான் வந்தது. அதில் அம்மா, கீழே 'தண்ணீரைச் சேமிப்போம்'. எங்கள் இல்லாமையை நல்ல பழக்கமாக்கி அச்சடித்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலை ஆற்றில் சுடுதண்ணீரைக் கொட்டிக் கொட்டித்தான் அப்பாவின் வலையில் இறால் விழாமல் போயிருந்தது.

"கிழிச்சிப் போடும்மா" என்றேன்.

"தாளு கெட்டியா கீது. இன்னாத்துக்குக் கிழிக்கணும்?"

படத்தை உள்பக்கமாகத் திருப்பி, என் கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு அவள் குழாயைப் பற்றிப் பேசவே இல்லை.

"சிரிம்மா" என்றாள் மகள்.

நான் முதுகைக் காட்டித் திரும்பி நின்று தண்ணீரை ஊற்றினேன். "இப்ப எடுத்துக்கோ."