கோலத்தின் நடுவில் வைத்த கல்

பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து கன்னியாகுமரிக்குப் போனோம். மற்றவர்கள் சங்கும் பாசியும் வாங்கினார்கள். கடை கடையாக ஏறி இறங்க என் முழங்காலில் தெம்பில்லை. மணலில் உட்கார்ந்த இடத்தில் கைக்கு எட்டியது கல்தான், அதனால் கல் பொறுக்கினேன். அலை தேய்த்துத் தேய்த்து இட்லி மாதிரி ஆக்கி வைத்திருந்த ஏழு கற்கள். "நம்ம ஊர்ல இல்லாத கல்லா டீச்சர்?" என்று வேன் டிரைவர் மதுரை வந்து சேரும்வரை கேலி செய்தார்.

இருபத்தெட்டு வருஷமாக ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, எனக்கு மனிதக் குரலே அலுத்துப்போய்விட்டது. சாயந்திரம் குரோஷா ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் என் வீட்டுக்காரர்கூடக் காபி கேட்க யோசிப்பார். அதற்காகவே பின்னுவேன். மிச்சமிருந்த நூலில் அந்தக் கற்களுக்கு உறை போட்டேன். நடுவில் ஒரு வளையம் போட்டு, சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே வந்து, விளிம்பு வந்ததும் கல்லை உள்ளே வைத்துக் கண்ணிகளைக் குறைத்து மூட வேண்டும். ஆறு கற்கள் டூர் ஞாபகமாக ஸ்டாஃப் ரூம் மேசைகளுக்குப் போயின. மஞ்சளும் சிவப்புமாகப் போட்ட ஏழாவது, இருந்ததிலேயே அழகானது, என் அக்காவுக்கு.

அக்காவும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் நான்தான் பார்த்தேன். கழுவி, துடைத்து, ஊட்டி, இருந்த லீவையெல்லாம் தீர்த்து, நடைபிணமாகத் திரிந்தேன். அக்கா காதலித்து, எங்கள் கிறிஸ்தவ வீட்டிலிருந்து இந்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அங்கே அவள் மாமனாரும் படுக்கை. மாதம் ஒருமுறை அவள் வந்து போனதே பெரிது. அது எனக்கு இன்று தெரிகிறது. அம்மாவின் அடக்கம் முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் நடுவில், "விருந்தாளி மாதிரி வந்து அழுதுட்டுப் போக நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். நாளைக்கு, நாளைக்கு என்றே நாள் ஓடிவிட்டது. எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் வண்டியூரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவள் யாரையோ சாப்பிடச் சொல்லி அதட்டும் குரல் கேட்டது. கேட்டைத் தள்ளக் கை வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றால் அதைத் தாங்கவும் என்னிடம் தெம்பில்லை. கண்ணில் படட்டும் என்று, வாசலில் அழியாமல் கிடந்த வெள்ளிக்கிழமைக் கோலத்தின் நடுவில் கல்லை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்பிவிட்டேன். சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. அவள் வீட்டுத் தலையணை உறைகளெல்லாம் நான் பின்னியவை. என் கைவேலை அவளுக்குத் தெரியாதா என்ன?

அன்று அமாவாசை. எங்கள் வீட்டில் தொங்குவது சபைக் காலண்டர். அதில் தினம் ஒரு வேதவசனம் இருக்கும், அமாவாசை இருக்காது.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. அக்கா.

"நாந்தான்டி. வேற யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. எங்க வீட்டுக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணு" என்று அழுதாள். "மருமக ஏழு மாசமா இருக்கா. ஆறு வருஷம் கழிச்சு உண்டாயிருக்கா. நேத்து அமாவாசையும் அதுவுமா எவனோ கல்லுல மஞ்சளும் செவப்புமா நூலச் சுத்தி, முடிச்சு முடிச்சாப் போட்டு, கோலத்துல செய்வினை வச்சுட்டுப் போயிட்டான். மகன் என்னைக் கிட்டயே விடல. வெளக்கமாத்தால மொறத்துல தள்ளிக் கொண்டுபோய் வைகையில போட்டுட்டு வந்தான். பூசணிக்காயும் ஒடச்சாச்சு. ஆனாலும் அவ நேத்துலருந்து ஒரு வாய் சாப்பிடல. அம்புட்டுப் பயம்."

ஜெபம் பண்றேன்கா என்று சொன்னால் போதும், உறவு ஒட்டிக்கொள்ளும். கல் ஆற்றோடு போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அமாவாசை பார்த்து வஞ்சம் தீர்த்தவள் என்று அந்த வீடே நம்பும். நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று என்றால் என் தலையில்தான் விடியும். இவ்வளவும் யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிள்ளையைச் சுமக்கிறவள் பட்டினி கிடக்கிறாளே.

"அக்கா, அது செய்வினை இல்ல. நான் வச்சது. கன்னியாகுமரியில பொறுக்கி, ஒனக்குன்னு குரோஷா போட்ட கல்லு. என்னை மன்னிச்சிரு அக்கா. அன்னைக்குப் பேசுனதுக்கும் சேத்து."

வையப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல தாயி, என் தங்கச்சி வச்சதாம். நீ எந்திரிச்சு சாப்பிடு" என்றாள். பிறகு மறுபடி போனில் என்னிடம் வந்தாள்.

"வாசல் வரைக்கும் வந்துட்டு, என்னைப் பாக்காமயா போன?"