வரத்துக்காலில் போட்ட கிடை

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வர ஒரே ஒரு வழிதான் உண்டு. முதுகுளத்தூருக்குத் தெற்கே, இரண்டு உயரமான கரைகளுக்கு நடுவில் வரும் வரத்துக்கால். அகலம் ஒரு லாரி போகிற அளவு. வருஷத்தில் பெரும்பாதி காய்ந்து கிடக்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் சும்மா கிடக்கிற பாதை என்றுதான் நினைப்பான். அப்படி நினைத்துத்தான் இரண்டு சோலார் கம்பெனிகள் அதற்குள் இறங்கின.

இரண்டும் மேற்கே பொட்டலில் அக்கம்பக்கமாகத் தகடு பதித்திருந்தன. இரண்டுக்கும் கிழக்கே சப்ஸ்டேஷன் வரை மின்கம்பி இழுக்க வேண்டும். நடுவில் உள்ள நிலத்தை எவரும் கொடுக்கவில்லை. மிஞ்சியது வரத்துக்கால்தான். அதற்குள் ஒரு லைனுக்குத்தான் இடம், முதலில் வருகிறவனுக்குத்தான் அது என்று பேச்சு. பிறகென்ன, வெறி பிடித்த ஓட்டம். பச்சைத் தொப்பிக்காரர்கள் கம்பம் நடக் குழி தோண்டுவார்கள். சாப்பிட்டு வருவதற்குள் நீலத் தொப்பிக்காரர்கள் அதை மூடியிருப்பார்கள். ஒருவன் நட்டதை இன்னொருவன் சாய்ப்பான். வேடிக்கை பார்க்கவே ஊரில் பாதிப் பேர் கரையில் நின்றார்கள்.

எனக்கு வேடிக்கையாக இல்லை. வண்டி இறங்குவதற்காக இரண்டு கம்பெனியும் ஆளுக்கோர் இடத்தில் வரத்துக்காலின் குறுக்கே கிராவல் மண்ணைக் கொட்டி மேடு போட்டிருந்தன. புரட்டாசி முடியப்போகிறது. மழை பெய்தால் தண்ணீர் அந்த மேட்டில் முட்டித் திரும்பிவிடும். கண்மாய் நிறையாவிட்டால் என் நெல்லும் போச்சு, மிளகாயும் போச்சு.

பச்சைத் தொப்பி இன்ஜினியரிடம் போனேன்.

"அவங்கள முதல்ல எடுக்கச் சொல்லுங்கம்மா, நாங்களும் எடுத்துர்றோம்" என்றார்.

நீலத் தொப்பியிடம் போனேன். அதே வார்த்தை. யார் முதலில் எடுத்தாலும் மற்றவன் முந்திவிடுவானாம். அதிகாரியிடம் மனுக் கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்போது எங்கள் ஊர்ப்பக்கம் ஆட்டுக்கிடை வந்திருந்தது. எருவுக்காக வயலில் ஆடுகளை அடைத்துப் போடுவதுதான் கிடை. என் வயலுக்குப் பேசியிருந்தேன். கிடைக்காரரிடம் போய், "வயல்ல வேண்டாம்ணே, வரத்துக்காலுக்குள்ள போடுங்க" என்றேன்.

"ஏந்தாயி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? புழுக்கை பூராம் வீணாப் போகுமே!"

"போகட்டும். தண்ணி வரலைன்னா புழுக்கைய வச்சு நான் என்ன செய்ய? வறுத்துத் திங்கவா?"

அவர் சிரித்துவிட்டார். சாயங்காலமே இரண்டு மேட்டுக்கும் நடுவில் கிடை இறங்கியது.

காலையில் ஆடுகள் மேயப் போனதும் நீலத் தொப்பிக்காரர்கள் ஜேசிபியைக் கொண்டுவந்தார்கள். ஆடு போனால் இடம் காலி என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குட்டிகள் மேயப் போகாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பனைநாரால் பின்னிய கூடுகளுக்குள் குட்டிகள் கத்திக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் நாங்கள் பெண்கள் உட்கார்ந்திருந்தோம்.

"ஓட்டுப்பா" என்றார் நீலத் தொப்பி.

ஜேசிபி டிரைவர் பக்கத்து ஊர், அபிராமத்துப் பையன். இறங்கிச் சாவியை நீட்டினான். "எங்கய்யா ஆடு மேச்சவரு சார். கிடைக்குள்ள வண்டிய விட்டேன்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டாரு. நீங்க வேணா ஓட்டுங்க."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு" என்றேன். "ஆடு படுக்கக் கூடாதா, மண்ணு கொட்டக் கூடாதான்னு அவுககிட்டயே கேப்போம்."

அவர் கூப்பிடவில்லை. நாலைந்து நாள் இரண்டு கம்பெனி வண்டிகளும் கரையில் நின்று வெயில் காய்ந்தன. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, இரண்டு இன்ஜினியர்களும் சேர்ந்து வந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மேட்டையும் வெட்டுங்கள், கிடையைக் கிளப்புகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

பச்சைத் தொப்பி முழுசாக எடுத்தார். நீலத் தொப்பி பாதியை எடுத்துவிட்டு, மிச்சம் நாளைக்கு என்றார். எனக்கு எரிந்தது. கிடையைக் கிளப்ப முடியாது என்றேன். ஆனால் தெற்கே வானம் கறுத்துவிட்டது. கிடைக்காரர் கூடுகளைத் தூக்க ஆரம்பித்தார்.

"தண்ணி இறங்குனா குட்டி மிஞ்சாது தாயி. உனக்கு வயலு, எனக்கு இதுதான்."

அவர் சொன்னது நியாயம். போகச் சொன்னேன். நாங்கள் மம்பட்டியோடு பாதி மேட்டில் இறங்கினோம். கிராவல் இறுகிக் கிடந்தது, உளியால் கொத்துவது போலத்தான் வந்தது. எனக்கு ஒன்று தோன்றியது. பச்சைத் தொப்பியிடம் ஓடினேன்.

"உங்க எதிராளி போட்ட மேடு சார். உடைக்க ஆசையில்லையா?"

அந்த ஆள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். ஜேசிபியை அவரே முன்னால் நடந்து கூட்டி வந்தார். நீலத் தொப்பி கரையில் நின்று கத்தினார். கத்தட்டும். தூறல் விழுந்தபோது கடைசிக் கொத்து மண்ணும் கரையேறிவிட்டது.

அந்த மழையில் கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது. நெல் நட்டேன், மிளகாயும் போட்டேன். எரு இல்லாததால் மகசூல் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை. இந்த வருஷம் தண்ணீர் வற்றியதும் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் வந்து, வரத்துக்காலின் கரையில் அளவுக்கல் ஊன்றியிருக்கிறார்கள். நான் கிடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டேன்.