பதினாலில் நின்ற மூச்சு

பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்ப்பவருக்குப் பாம்பைவிட அதிகம் பயம் காட்டுகிறவர்கள், பாம்போடு வருகிறவர்களும் பாம்பைப் பார்க்காமலே வருகிறவர்களும்தான். அவசரப் பிரிவு வாசலில் ஒரு நாளாவது நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள் என்றால், நீங்களும் என் கட்சிதான்.

மூன்றடுக்குக் கேரியர்

திருப்புட்குழியிலிருந்து ஒரு விவசாயி, விரலில் கடி வாங்கிக்கொண்டு தானே ஸ்கூட்டர் ஓட்டி வந்தார். "கடிச்சது எப்படி இருந்தது?" என்றேன். மேஜைமேல் டிபன் கேரியரை வைத்து, "அடி அடுக்குல இருக்குது, நீங்களே பாருங்கம்மா" என்றார். கேரியர் அசைந்தது. நர்ஸ் ஸ்டெல்லா ஸ்டூல்மேல் ஏறினார். அவருக்கு முன்பே நான் நாற்காலிமேல் இருந்தேன்.

உள்ளே இருந்தது விஷமில்லாத தண்ணீர்ப்பாம்புக் குட்டி. பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதும் கேரியரை என் பக்கம் தள்ளினார். "அப்பாடா! மேல் அடுக்குல இட்லி இருக்குது, சாப்பிடுங்கம்மா. பாம்பு அதத் தொடல."

அரக்குப் பட்டு

ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர். காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்குள் ஏதோ கடித்தது. எது என்று யாரும் பார்க்கவில்லை. அவர் மனைவி மல்லிகா கையில் கிடைத்த பட்டு நூலை முறுக்கி, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தார். கால் நீலம் பூத்திருந்தது. கட்டுப் போடாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன், யார் கேட்கிறார்கள்!

விஷமுறிவு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு கத்தரியை எடுத்தேன். மல்லிகா என் கையைத் தள்ளிவிட்டு, அறுந்த இழைகளோடு மல்லாடிப் பழகிய விரல்களால் ஒரு நொடியில் முடிச்சை அவிழ்த்துவிட்டார். நான் முறைத்தேன். அவர் நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னார்: "கோச்சிக்காதீங்கம்மா, இன்னும் அரைப் புடவை பாக்கி இருக்குது. இதே அரக்கு மறுபடி சாயத்துல வராது."

ஒரே மூச்சு

கட்டுவிரியன் கடித்திருந்தால் பெரும்பாலும் வீக்கம் இருக்காது, வலியும் தெரியாது. மூச்சு மட்டும் சத்தமில்லாமல் சோர்ந்துபோகும். அதனால் அவ்வப்போது ஒரே மூச்சில் எண்ணச் சொல்வோம். எண்ணிக்கை குறைந்தால் ஆபத்து. முதல்முறை ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முப்பதுவரை போனார். அடுத்தமுறை கண்ணை மூடிக்கொண்டு எண்ணியவர், பதினாலில் நின்றுவிட்டார்.

"ஆக்சிஜன்!" என்று அலறினேன். ஸ்டெல்லா செயற்கைச் சுவாசக் கருவியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் குனிந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், மனிதர் நிதானமாகக் கண்ணைத் திறக்கிறார். "ஏம்மா இப்டி பதறிக்கினு இருக்கீங்க? பதினாலு இழைக்கு ஒரு பூ. பூ முடிஞ்சிது, நிறுத்திட்டேன்."

புடவையில் பூ நெய்யக் காலையிலிருந்து தறியில் எண்ணிக்கொண்டிருந்த கணக்காம் அது. அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பூவை மறந்துவிட்டு எண்ணச் சொன்னேன், முப்பத்திரண்டு வந்தது. இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. மறுநாள்வரை கண்காணித்து, நல்லபடியாக அனுப்பிவைத்தோம். வாசலைத் தாண்டும்போது மல்லிகா புருஷனிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "இந்தாய்யா, முப்பது இழைக்குக் கொறைஞ்சி இனிமே நீ பூவே போடாத!"

இப்போதெல்லாம் பிள்ளையார்பாளையத்திலிருந்து யார் வந்தாலும், எது கடித்தது என்று கேட்பதற்கு முன், தறியில் எத்தனை இழைப் பூ என்று கேட்டுவிடுகிறேன்.