பத்துப் பேரும் நான்தான்

ஒரு பொருளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கு அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. அப்படி ஒன்று இருந்திருந்தால் தொண்ணூறுகளில் பாளையங்கோட்டை டீக்கடைகளில் பாதி மூடிப்போயிருக்கும். நான் ஊமையாகியிருப்பேன்.

பேட்டை தொழிற்பேட்டையில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்கிற ஒரு பட்டறையில் எனக்கு மேற்பார்வை வேலை. கரண்டின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிற பெட்டி செய்கிறவனுக்குக் கரண்டில் ஓடுகிற எதைப் பற்றியும் பேச உரிமை உண்டு என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். சாயங்காலம் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்து டீ கிளாசைக் கையில் வாங்கினால் உலகத் தொழில்நுட்பம் முழுவதும் என் முன்னால் கைகட்டி நிற்கும். பேஜரா, போய்விடும். செல்போனா, இதெல்லாம் பணக்காரனின் காதுக்கு வந்த கேடு. இன்டர்நெட்டா, மூன்று வருஷம் தாங்காது. வீடியோ கேம் ஆடுகிறவனுக்குக் கட்டைவிரல் தடித்து மூளை மெலிந்துபோகும் என்று ஒருநாள் முழங்கினேன். அந்த வாரம்தான், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செங்கல் அடுக்கும் கையடக்க கேமை இரவல் வாங்கி, பஸ்சில் குனிந்த தலை நிமிராமல் ஆடி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று ஸ்டாப் போய் நடந்து திரும்பினேன். அது ஆராய்ச்சி. கணக்கில் வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது முடியப்போகிற சமயம் அது. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களுக்குப் புத்தி தடுமாறி, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொள்ளும். ஏரோப்ளேன் விழும், பாங்கு திவாலாகும் என்று பேப்பர்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுவே. தப்புப் பண்ணுதது பூரா மனுசன்தான்" என்று நான் பெஞ்சைத் தட்டிச் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று ஆகிவிட்டால் நான் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஏனென்றால் எனக்குப் பெண் பார்த்து நிச்சயம் முடிந்திருந்தது. முக்கூடலில் பெண். அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அப்பா கூட்டுறவு பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. தை மாதம் கல்யாணம். ஜோசியர் பத்துப் பொருத்தத்தில் ஏழு இருக்கிறது என்றார். எதையும் நம்பாதவன் என்று பெயர் எடுத்திருந்த நான் எல்லோர் முன்னாலும் சிரித்துத் தள்ளினேன். மீதி மூன்று எது எது என்பதை மட்டும் மறுநாள் தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டேன்.

நம்பாதவன் என்ற பெயர் சும்மா வரவில்லை. அந்தக் காலத்தில் தபாலில் ஒரு கார்டு வரும். சாமி பெயரைப் போட்டு, இதை இருபத்தோரு பேருக்கு எழுதி அனுப்பு, அனுப்பாதவன் குடும்பம் விளங்காது என்று மிரட்டும். டீக்கடைக்காரருக்கு வந்த அப்படியொரு கார்டை வாங்கி, நான்காகக் கிழித்து, அவர் அடுப்பிலேயே போட்டேன். கடை முழுக்க மூச்சு நின்றது. அந்த வீரம் முக்கூடல் வரைக்கும் போய், "மாப்பிள்ளை எதுக்கும் அஞ்சாத ஆளு" என்று பெண் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். கார்டு வந்தது எனக்கில்லை, டீக்கடைக்காரருக்கு என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மச்சினன் ஆகப்போகிறவர் நிச்சயத்தன்று அமெரிக்காவிலிருந்து போனில் என் இமெயில் முகவரி கேட்டார். இல்லை என்று சொன்னால் மரியாதையா? மேலப்பாளையத்து நண்பர் ஒருவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். துபாயில் இருந்த அவருடைய காக்கா, அதாவது அண்ணன், போட்டுக் கொடுத்த கடை. நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., வாசலில் ஒரு எஸ்.டி.டி. போன். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசியோடு சேர்ந்து வைரசும் வந்துவிடும் என்று பாதிப் பேர் நம்பினார்கள். நான் நம்பவில்லை. ஆனால் காலைக் கழுவிவிட்டுத்தான் போவேன். அவரிடம் ஒரு முகவரி திறந்து பெண் வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். சில வாரம் கழித்து முதல் கடிதம் வந்தது.

"வாரும் வே, சம்பந்தி வீட்டுலேர்ந்து சீரு வந்திருக்கு" என்றார் நண்பர். "மச்சினன் மெயில் போட்டிருக்காரு."

எல்லாம் ஆங்கிலம், எல்லாம் பெரிய எழுத்து. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் வரிசையாக அம்புக்குறிகள், எத்தனையோ கை மாறி வந்ததற்கு அடையாளமாக. இதைப் படிக்கிற நீ அதிர்ஷ்டசாலி, நான்கு நாளைக்குள் பத்துப் பேருக்கு அனுப்பு என்றது. அனுப்பிய ஒருவனுக்கு வேலை உயர்ந்ததாம். சிரித்துக்கொண்டே அழித்த ஒருவனுக்கு, கல்யாணத்துக்கு முந்தின வாரம் கல்யாணம் நின்றுபோனதாம்.

நானும் சிரித்தேன். கை அழிக்கிற பொத்தான் பக்கம் போனது. போன கை அங்கனயே நின்றது. கார்டில் வந்தால் மூடநம்பிக்கை, சரி. அமெரிக்காவிலிருந்து, இங்கிலீஷில், கம்ப்யூட்டர் வழியாக வந்தால்? அது தகவல் அல்லவா? அதுவும் அனுப்பியவர் கம்ப்யூட்டரிலேயே குடியிருக்கிறவர். அவரே மெனக்கெட்டு அனுப்பியிருக்கிறார் என்றால் விஷயம் இல்லாமலா?

"வே, ஒரு பொது அறிவுக்குக் கேக்கேன்" என்றேன் நண்பரிடம். "இந்த ஊர்ல இமெயில் வச்சிருக்கவுக எத்தன பேரு இருப்பாவ?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "நீரு இருக்கீரு. நான் இருக்கேன். மத்தவன் எல்லாம் வருதான், படம் பாக்கான், போறான். எதுக்குக் கேக்கீரு? அந்தக் கடுதாசியா?"

"சேச்சே. எனக்கு எதுக்கு?"

"அப்பம் அழியும்."

"பைய அழிப்போம். அதுக்கு என்ன அவசரம்?"

அவர் சிரித்த சிரிப்பில் ஏ.சி. சத்தமே கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒளிப்பதில் பயனில்லை. பத்துப் பேர் வேண்டும். ஊரில் ஆள் இல்லை. ஆகவே ஆளை உண்டாக்குவது என்று முடிவு செய்தோம். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பத்துப் புது முகவரி திறந்தேன். என் பெயர், இனிஷியலைத் திருப்பிப் போட்ட என் பெயர், வீட்டில் கூப்பிடுகிற பெயர், ஜாதகத்தில் இருக்கிற பெயர், ஊர்ப் பெயரை முன்னால் ஒட்டிய என் பெயர். ஒவ்வொன்றுக்கும் வயது, தொழில் எல்லாம் கேட்டது. ஒருவனை விவசாயி ஆக்கினேன். ஒருவனை டாக்டர் ஆக்கினேன். அவனுக்குப் பெயரை எழுதும்போது எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. ஒன்பதாவதுக்கு வந்தபோது சரக்குத் தீர்ந்துபோனது. என் பெயரோடு 'அம்மாள்' சேர்த்து, பெண் என்கிற கட்டத்தில் புள்ளி வைத்தேன். பத்துப் பேருக்கும் கடிதம் போனது. பத்துப் பேரும் பெற்றுக்கொண்டார்கள். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினேன்.

நண்பர் தாடியைத் தடவினார். "ஒரு சந்தேகம் வே. இப்பம் பத்துப் பேருக்குக் கடுதாசி வந்திருக்கு."

"ஆமா."

"ஒவ்வொருத்தரும் பத்துப் பேருக்கு அனுப்பணும்லா?"

"ஆமா."

"பத்துப் பேரும் நீருதானே?"

நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன். இதுவரைக்கும் ஒரு கல்யாணத்துக்குத்தான் ஆபத்து. இப்போது பத்து மாப்பிள்ளைக்குக் கல்யாணம் நிற்கப்போகிறது. அதில் ஒருத்தி அம்மாள். இன்னும் நூறு முகவரி திறந்தால் பிறகு ஆயிரம். தாமிரபரணித் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் இருக்கிற ஜனம் பூராவும் நானாகவே இருந்தாலும் பத்தாது.

"இதுக்கு ஒரே வழிதான்" என்றார் நண்பர். "எங்கனேர்ந்து வந்துச்சோ அங்கனயே திருப்பி விடும். ஆளு பத்து இல்லாட்டி என்ன, கடுதாசி பத்து போனா சரிதான். மிச்சம் நம்ம நசீபு."

விதிக்கு அவர்கள் சொல்லுகிற சொல் அது. விதியை அப்படியெல்லாம் சும்மா விட்டுவிட முடியுமா? பத்து முகவரியிலிருந்தும் ஆளுக்குப் பத்துக் கடிதமாக மச்சினனுக்கே அனுப்பி வைத்தேன். அமெரிக்காக்காரர், தாங்குவார். அன்று ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினேன்.

தாங்கவில்லை. அந்தக் காலத்து இமெயில் பெட்டி சின்னது. நூறு கடிதத்தில் அது நிரம்பி, அவருடைய ஆபீஸ் கடிதமெல்லாம் திரும்பிப் போயிருக்கிறது. யாரடா என்று பார்த்தால் பத்துப் பேர், பத்தும் என் பெயரின் சாயல். அவர் உடனே முக்கூடலுக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளைக்குப் பத்து அக்கவுண்ட் இருக்கு, பத்தும் வேற வேற பேர்ல" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சொல் போதாதா? இரண்டாம் நாள் பட்டறை வாசலில் மாமனார் நின்றார்.

"வாங்க மாமா, உக்காருங்க." ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. நான் நிக்கேன்."

டீ சொன்னேன். வேண்டாம் என்றார். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை. பெண்ணைப் பெற்றவர் தொடாத தண்ணீரை நானே குடித்துத் தீர்த்தேன்.

"உங்களுக்குப் பத்து அக்கவுண்டு இருக்காமே?"

"ஆமா மாமா" என்றேன், கொஞ்சம் பெருமையாக. விபரம் புரிந்த பாடில்லை.

"வேற வேற பேருல."

"ஆமா."

"மாப்பிள்ளை, நான் ஆயுசு பூரா பாங்கியில உக்காந்தவன். வேற வேற பேருல அக்கவுண்டு போடுதவன் எப்பேர்ப்பட்டவன்னு எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம்." குரலைத் தாழ்த்தினார். "அதுலயும் ஒண்ணு பொம்பள பேராமே. யாரு அது?"

கம்பிச்சுருள் சுற்றுகிற மெஷின் நின்றது. பட்டறை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தது.

"மாமா, அது பொம்பள இல்ல. நான்தான்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாம் என்று தெரிந்தது. அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

இப்போது என் கையில் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பினாமிக்காரன் என்று ஒப்புக்கொள்வது. இன்னொன்று, ஒரு கடுதாசிக்குப் பயந்தவன் என்று ஒப்புக்கொள்வது. முதலாவதில் கௌரவம் இருந்தது, கல்யாணம் இல்லை. பட்டறை முழுக்கக் கேட்க இரண்டாவதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எதுக்கும் அஞ்சாத ஆளுன்னுல்லா சொன்னாவ" என்றார். அவரை டவுன் பஸ்சில் ஏற்றி, பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிவந்தேன்.

"வாங்க அண்ணாச்சி" என்றார் நண்பர். "மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. பயம் ஒண்ணுதான்."

மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மோடம் கரகரவென்று கத்தி ஓய்ந்தது. பத்துப் பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். விவசாயி, டாக்டர், அம்மாள், எல்லோர் பெட்டியிலும் அதே கடிதம்.

"இதுல ரூவா போட முடியாதா?"

"முடியாது மாமா."

"எடுக்கவும் முடியாது?"

"முடியாது."

"பொறவு எதுக்கு இத அக்கவுண்டுங்கான்?"

அவர் கடிதத்தை முதலில் இருந்து உதடு அசையப் படித்தார். கல்யாணம் நின்றுபோன வரியில் அவர் விரல் திரையைத் தொட்டபடி நின்றது. எழுந்தார். என்னைப் பார்க்காமல், "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு ஒரே அர்த்தம்தான்: சம்பந்தம் வேண்டாம். அழித்தவனுக்குத்தான் கல்யாணம் நிற்கும் என்றது கடிதம். அழிக்காமல் நூறு தடவை அனுப்பியவனுக்கும் நிற்கும்போல. அன்று டீக்கடைக்குப் போகவில்லை. உலகத் தொழில்நுட்பம் என் அபிப்பிராயம் இல்லாமலே நடந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சென்டரில் பத்து முகவரிக்கும் எப்படிச் சமாதி கட்டுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். வாசல் போன் அடித்தது. நண்பர் எடுத்துக் கேட்டு, போனின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "முக்கூடல்வே. பொம்பள குரலு. உம்ம ஒன்பதாவது ஆளு இல்லியே?"

போனை வாங்கினேன். நான்தான் என்றாள், எனக்கு நிச்சயமான பெண். பெண் பார்த்த அன்றைக்கு நாலு வார்த்தை பேசியதோடு சரி.

"அப்பா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. இன்னைக்குக் காலையில பத்திரிக்கை அடிக்கக் குடுத்தாச்சு. உங்க பேரு ஒண்ணுதான் போட்டிருக்கு. பத்தும் போட இடம் இல்லியாம்."

உயிர் திரும்பி வந்தது. "கோவம் இல்லியா?"

"பொய்க்கணக்கு வைக்கவனுக்கு இம்புட்டுப் பயம் இருக்காதுன்னு அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தாவ." பிறகு ரகசியம்போலச் சொன்னாள்: "இன்னொண்ணு. அண்ணனுக்கு அந்த மெயில மொதல்ல அனுப்புனது நான்தான்."

"நீயா?"

"கிளாஸ்ல ஒருத்தி எனக்கு அனுப்பிட்டா. கல்யாணம் நின்னுரும்னு போட்டிருந்துச்சா, பயந்துட்டேன். தேடித் தேடி ஒன்பது பேரு கிடைச்சாவ. பத்தாவதுக்கு அண்ணன்."

எனக்கு இப்போது வேறு மாதிரி வலித்தது. "என் அட்ரஸ் உங்க வீட்டுல இருக்குல்லா? எனக்கு அனுப்பியிருக்கலாமே."

"உங்களுக்கா? நீங்கதான் எதையும் நம்ப மாட்டீயளே. உங்களுக்கு அனுப்பி, நீங்க சிரிச்சிட்டு அழிச்சிட்டீயன்னா நிக்கப்போறது யாரு கல்யாணம்?"

யோசித்தால் அந்தப் பயத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனாலும் ஆண்பிள்ளைக்கு ஒரு கௌரவம் இருக்கிறதே. நண்பர் வேறு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பின்ன? எனக்கு மட்டும் நீ அனுப்பியிருந்தா, பாத்த மறுநிமிசமே அழிச்சிருப்பேன்."

அவள் கேட்டாள்:

"யாரு? பத்துப் பேரும் சேந்தா?"