மெஷின் நின்ற பிறகும் கேட்ட இரைச்சல்

சென்ற ஆண்டு அரையாண்டு விடுமுறையில், மாமல்லபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் நடந்தது இது. நான் வேன் ஓட்டுபவன். பத்தாவது வரைதான் படித்தேன். என் மகள் ஏழாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்கு வீடியோ அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. நெம்மேலியில் கடல்நீர் எப்படிக் குடிநீராகிறது என்று பேச, பத்து நாளாகப் பயிற்சி எடுத்திருந்தாள்.

வீடியோவில் பளிச்சென்று தெரியட்டும் என்று, விறைப்பான ஜரிகைப் பாவாடை சட்டையைப் போடச் சொன்னேன். இரவல் வாங்கிய சின்ன மைக்கைக் கழுத்தோரம் குத்திவிட்டேன். ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினோம். பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. போனில் எடுத்துப் போட்டுக் கேட்டால், பேச்சுக்கு நடுவே ஒரே இரைச்சல்.

பக்கத்துச் சிற்பப் பட்டறையில் கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நேராகப் போய், "உங்க மெஷினால எம்பொண்ணு பேச்சே கெட்டுப்போவுது" என்றேன். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. சிற்பி உடனே நிறுத்தினார்.

திரும்பவும் எடுத்தோம். கரகரவென்ற சத்தம் போகவே இல்லை. பட்டறைக்குப் பின்னால் வேறு மெஷின் ஓடுகிறது போல என்று விறுவிறுவென்று போனேன். அவரோ ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முடியாத நந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்த மகளிடமிருந்து போனை வாங்கி, காதில் வைத்துக் கேட்டார். பிறகு அவள் கழுத்தோர மைக்கையும் ஜரிகையையும் உற்றுப் பார்த்தார்.

"இது கல்லு சத்தம் இல்ல அண்ணாத்த. கொயந்த மூச்சு இழுக்கசொல்ல எல்லாம் வருது பாரு. ஜரிக, மைக்குல ஒரசிகினு கீது."

"நான் அப்பவே யூனிபார்ம் போதும்னேன். எங்க கேட்ட நீ?" என்றாள் மகள்.

"சொன்னா கேக்கறதுல எங்க கல்லே தேவல போல" என்று சிரித்தார் அவர்.

துவைத்துத் துவைத்துத் தொய்ந்த பள்ளிச் சட்டைக்கு மாறினாள். மைக்கில் எதுவும் உரசாமல் பார்த்துக்கொண்டோம். நாங்கள் எடுத்து முடிக்கும்வரை அவர் மெஷினைத் தொடவில்லை. ஐந்து மணிக்கு முன்பே வீடியோ போய்விட்டது.

ஆறு மணிக்கு நந்தியை ஏற்ற லாரி வந்தது. வேலை முடிந்தபாடில்லை, டிரைவர் கத்தினார். "கொஞ்சம் பாக்கி கீதுபா" என்றாரே தவிர, சிற்பி எங்கள் வீட்டுப் பக்கம் கைகாட்டவில்லை. நானே போய், தாமதம் என்னால்தான் என்று டிரைவரிடம் சொன்னேன். மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் இன்றும் எங்கே இரைச்சல் கேட்டாலும், அடுத்தவரைக் குறை சொல்லக் கிளம்புமுன் என் சட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.